நிரல் வெளியேறும்போது நினைவகம் முழுவதும் விடுவிக்கப்பட்டதா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸில் சி, சி++ எழுதுபவர்களுக்கான பக்கம் இது. முதன்மைக் கருவி வால்கிரிண்ட்: நிரலைத் தன் கண்காணிப்பில் ஓட்டி, நினைவகப் பிழைகளைச் சொல்லும் கருவி. அதற்கு அடுத்து, ஜிசிசி, கிளாங் இரண்டிலும் உள்ளடங்கி வரும் சானிட்டைசர்கள், அதாவது கம்பைல் செய்யும்போதே நிரலுக்குள் சேர்க்கும் சோதனைகள். விண்டோஸ், மேக் பற்றிக் கடைசியில் சுருக்கமாக இருக்கிறது. கட்டளைகளும் ஃபங்ஷன் பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் உள்ளன. டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

நிரல் முடிந்ததும் கர்னலே எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளுமே, பிறகு எதற்குச் சோதிக்க வேண்டும்?

எடுத்துக்கொள்ளும், உண்மைதான். நிரல் முடிந்ததும் அதன் முகவரி வெளி முழுவதையும் கர்னல் கலைத்துவிடும். நீங்கள் ஃப்ரீ செய்த பிளாக் (மலாக் ஒருமுறை ஒதுக்கித் தரும் நினைவகத் துண்டு), செய்யாத பிளாக் என்ற பேதம் அதற்குக் கிடையாது. விடுவிக்காத நினைவகம் கணினியை ரீஸ்டார்ட் செய்யும்வரை மாட்டிக்கொண்டிருக்கும் என்று இன்னும் சிலர் சொல்வது லினக்ஸில் கட்டுக்கதை. விதிவிலக்கு பகிர்வு நினைவகம். ஷ்ம்கெட் வழியாக உருவாக்கியதும், ஷ்ம்_ஓப்பன் வழியாக /டெவ்/ஷ்ம் அடைவில் உருவாக்கியதும், யாராவது நீக்கும்வரை அல்லது கணினி அணையும்வரை அப்படியே இருக்கும். முதல் வகையை 'ஐபிசிஎஸ் -எம்' காட்டும், 'ஐபிசிஆர்எம்' நீக்கும். வால்கிரிண்ட் இவற்றைக் கசிவாக (விடுவிக்காமல் விட்ட நினைவகமாக) கணக்கிடாது.

ஆனாலும் சோதிக்க வேண்டியதற்குக் காரணம் வேறு. முடிவில் முந்நூறு பிளாக் மிச்சமிருக்கும் நிரலில் புதிதாக ஒரு உண்மையான கசிவு சேர்ந்தால் அது முந்நூற்றியொன்றாவதாக ஒளிந்துகொள்ளும். மிச்சம் பூஜ்யமாக இருந்த நிரலில் உடனே தெரியும். தவிர, இன்று மெயினுக்குள் ஒருமுறை ஓடும் நிரல்பகுதியை நாளை யாராவது எடுத்து ஒரு சர்வரில் வினாடிக்கு ஆயிரம் தடவை அழைக்கலாம்.

தெரிந்தே விடுவிக்காமல் வெளியேறுவதில் தப்பில்லை. கிளாங் கம்பைலரே வேகத்துக்காக 'டிஸேபிள்-ஃப்ரீ' என்ற விருப்பத்தோடு தன்னை இயக்கிக்கொள்கிறது. கோடிக்கணக்கான சின்னப் பொருள்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு வெளியேறுவதை விட மொத்தமாகக் கர்னலிடம் விட்டுவிடுவது வேகம். அது கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. உங்கள் நிரலில் மிச்சமிருப்பது முடிவெடுத்து விட்டதா, கவனிக்காமல் விட்டதா என்று பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். இந்தச் சோதனை அதற்குத்தான்.

எப்படித் தொடங்குவது?

டீபக் தகவலுடன், மேம்படுத்தல் இல்லாமல் கம்பைல் செய்யுங்கள்:

ஜிசிசி -ஜி -ஓ0 -ஓ நிரல் நிரல்.சி

பிறகு:

வால்கிரிண்ட் --லீக்-செக்=ஃபுல் --ஷோ-லீக்-கைண்ட்ஸ்=ஆல் ./நிரல்

நிரலுக்கான ஆர்க்யுமென்ட்கள் இருந்தால் அதன் பெயருக்குப் பின்னால் வழக்கம்போலக் கொடுங்கள். வால்கிரிண்டுக்கான விருப்பங்கள் நிரலின் பெயருக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால் அவை உங்கள் நிரலுக்குப் போய்ச் சேரும்.

'-ஜி' இல்லாவிட்டால் அறிக்கையில் கோப்புப் பெயரும் வரி எண்ணும் வராது. '-ஓ2' என்ற மேம்படுத்தல் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். ஃபங்ஷன்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, அழைப்பு வரிசை குழம்பும். அதைவிட மோசம், விளைவை யாரும் பயன்படுத்தாத மலாக்கைக் கம்பைலர் அடியோடு நீக்கிவிடலாம். வேண்டுமென்றே கசியவிட்டுப் பார்க்கும் பத்து வரி மாதிரி நிரல் 'கசிவே இல்லை' என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான். நிரல் 10 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும், அது இயல்பு.

அறிக்கையில் முதலில் எதைப் பார்ப்பது?

'ஹீப் சம்மரி' பகுதியை. ஹீப் என்பது மலாக், நியூ ஆகியவை நினைவகம் எடுக்கும் பகுதி. அதில் 'இன் யூஸ் அட் எக்சிட்' என்ற வரி, முடியும்போது எத்தனை பைட் எத்தனை பிளாக்கில் மிச்சம் என்று சொல்லும். அடுத்த வரி மொத்த அலாக், மொத்த ஃப்ரீ. எல்லாம் சரியென்றால் 'எல்லா ஹீப் பிளாக்குகளும் விடுவிக்கப்பட்டன, கசிவுக்கு வாய்ப்பில்லை' என்ற பொருளில் ஆங்கில வரி ஒன்று வரும்.

அலாக் எண்ணும் ஃப்ரீ எண்ணும் சமமாக இருப்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். ஒரு பிளாக்கை இரண்டு தடவை விடுவித்து, இன்னொன்றை மறந்தால் 2 அலாக், 2 ஃப்ரீ என்றே வரும். நம்ப வேண்டியது மிச்ச வரியை. கூடவே கடைசி 'எர்ரர் சம்மரி' வரியில் பூஜ்யம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அலாக்கை விட ஃப்ரீ அதிகமாக இருந்தால் எங்கோ இரட்டை விடுவிப்போ தவறான முகவரியின் விடுவிப்போ நடந்திருக்கிறது.

நான் மலாக்கே அழைக்கவில்லை. ஆனாலும் 1 அலாக், 1,024 பைட் என்கிறதே?

பிரிண்ட்எஃப் முதல் தடவை எழுதும்போது ஜிலிப்சி (லினக்ஸில் வழக்கமாக உள்ள சி நிலையான லைப்ரரி) எடுத்துக்கொள்ளும் வெளியீட்டு பஃபர் அது. வெளியீட்டைக் கோப்புக்கோ பைப்புக்கோ திருப்பினால் பெரும்பாலும் 4,096 ஆக மாறும். முடிவில் வால்கிரிண்டே ஜிலிப்சியின் துப்புரவு ஃபங்ஷனை அழைத்து இதை விடுவித்துவிடும்.

சி++ பக்கம் இன்னொரு எண்: 72,704. ஜிசிசி 5 முதல், நினைவகம் தீர்ந்த நேரத்திலும் எக்ஸெப்ஷன் வீச முடிவதற்காக நிலையான லைப்ரரி முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் அவசரக் கையிருப்பு. கவுட் வரி ஒன்று மட்டும் உள்ள நிரலுக்கு 2 அலாக், 2 ஃப்ரீ, 73,728 பைட் என்று வந்தால் அது இந்த 72,704-உம் மேலே சொன்ன 1,024-உம் சேர்ந்த கூட்டுத்தொகை. பழைய வால்கிரிண்டில் இந்த 72,704 மட்டும் 'ஸ்டில் ரீச்சபிள்' என்று மிச்சமாகத் தெரியும், 3.12 பதிப்பும் ஜிசிசி 6-உம் சேர்ந்தால் அதுவும் விடுவிக்கப்படும்.

'டெஃபினிட்லி', 'இன்டைரக்ட்லி', 'பாசிப்லி', 'ஸ்டில் ரீச்சபிள்': இவற்றுக்குள் என்ன வித்தியாசம்?

நிரல் முடியும் தருணத்தில் வால்கிரிண்ட் குளோபல் மாறிகள், ஸ்டாக், ரெஜிஸ்டர்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கிப் பாயிண்டர்களைப் பின்தொடர்ந்து போகும். ஒரு பிளாக்கின் தொடக்கத்தைக் காட்டும் பாயிண்டர் எங்காவது கிடைத்தால் அது 'ஸ்டில் ரீச்சபிள்': விடுவிக்கவில்லை, ஆனால் நினைத்திருந்தால் விடுவித்திருக்க முடியும். எந்தப் பாயிண்டரும் கிடைக்காவிட்டால் 'டெஃபினிட்லி லாஸ்ட்'. இனி யாராலும் அதை விடுவிக்க முடியாது. உண்மையான கசிவு இதுதான்.

தொலைந்துபோன ஒரு பிளாக்குக்குள்ளிருந்து மட்டுமே போய்ச் சேரக்கூடிய பிளாக் 'இன்டைரக்ட்லி லாஸ்ட்'. 64 பிட் கணினியில் ஒரு இன்ட்டும் ஒரு பாயிண்டரும் கொண்ட கணு 16 பைட். அப்படிப் பத்துக் கணுக்கள் கோத்த பட்டியலின் தலையைத் தொலைத்தால் அறிக்கை 160 பைட் என்று சொல்லி, நேரடியாக 16, மறைமுகமாக 144 என்று பிரித்துக் காட்டும். தலையிலிருந்து ஒழுங்காக விடுவித்தால் ஒன்பதும் தானாகச் சரியாகும். ஆகவே மறைமுக எண்களைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். நேரடி இழப்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

'பாசிப்லி லாஸ்ட்' என்றால் பிளாக்கின் நடுப்பகுதியைக் காட்டும் பாயிண்டர் மட்டும் இருக்கிறது. பாயிண்டரையே நகர்த்திக்கொண்டு போய், தொடக்கத்தை எங்கும் சேமிக்காத நிரலில் இது வரும். எண்ணற்ற இடங்களில் வந்தால் அது உங்கள் நிரலின் பாணி. ஒன்றிரண்டு மட்டும் வந்தால் கசிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதே கசிவு ஒருமுறை 'டெஃபினிட்லி' என்றும், சிறிய மாற்றத்துக்குப் பிறகு 'ஸ்டில் ரீச்சபிள்' என்றும் வருகிறது. ஏன்?

மெயினிலிருந்து ரிட்டர்ன் வழியாக வெளியேறினீர்களா, எக்சிட்(0) அழைத்தீர்களா என்று பாருங்கள். மெயினின் உள்ளூர் மாறியில் வைத்த பாயிண்டர், ரிட்டர்ன் ஆனதும் ஸ்டாக் சட்டகத்தோடு போய்விடும். பிளாக் தொலைந்ததாகக் கணக்கு. எக்சிட் அழைத்தால் மெயினின் சட்டகம் அப்படியே நிற்கும், பாயிண்டரும் அதில் இருக்கும், அதனால் பிளாக் எட்டக்கூடியதாகிவிடும். நிரலில் இருக்கும் பிழை ஒன்றுதான், பெயர் மட்டும் மாறுகிறது.

சி++ எழுதுபவர்களுக்கு இதில் இன்னொரு விளைவு. எக்சிட் அழைத்தால் குளோபல், ஸ்டாட்டிக் பொருள்களின் டிஸ்ட்ரக்டர்கள் ஓடும், உள்ளூர் மாறிகளின் டிஸ்ட்ரக்டர்கள் ஓடாது. மெயினில் ஒரு வெக்டர் வைத்துக்கொண்டு நடுவில் எக்சிட் அழைத்தால் அதன் நினைவகம் மிச்சமாகும். கோப்பில் எழுதும் பொருளாக இருந்தால் பஃபரில் நிற்கும் கடைசி வரிகளும் கோப்புக்குப் போகாது. பிந்தையதுதான் உண்மையில் வலிக்கும்.

'ஸ்டில் ரீச்சபிள்' எல்லாவற்றையும் பூஜ்யமாக்கியே ஆக வேண்டுமா?

லைப்ரரி எழுதுகிறீர்கள் என்றால் ஆம். அதைப் பயன்படுத்துபவர் டிஎல்ஓப்பன் வழியாக ஏற்றி, டிஎல்குளோஸ் வழியாக இறக்கி, மறுபடி ஏற்றலாம். ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் மிச்சம் கூடும்.

தனி நிரல் என்றால், எண் நிரலின் உள்ளீட்டோடு வளர்கிறதா என்று பாருங்கள். 100 வரி உள்ளீட்டுக்கும் 1,00,000 வரி உள்ளீட்டுக்கும் அதே அளவு மிச்சம் என்றால் அது தொடக்கத்தில் ஒருமுறை ஒதுக்கிய அட்டவணை, விட்டாலும் கேடில்லை. உள்ளீட்டோடு சேர்ந்து வளர்ந்தால், பாயிண்டர் பத்திரமாக இருந்தாலும், அது கசிவுதான். யாரும் திரும்பப் பார்க்காத உள்ளீடுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் கேஷ் இதற்கு வழக்கமான உதாரணம். வால்கிரிண்ட் இதைப் பிழையாகச் சொல்லாது, எடை பார்க்க வேண்டியது நீங்கள்.

நிரல் பதிப்புகளைப் பேணும் கருவியான கிட் திட்டத்தில் 2017-இல் சேர்த்த 'அன்லீக்' என்ற மேக்ரோ நல்ல முன்மாதிரி. நிரல் முடியப் போகிறது, இந்த மாறியை விடுவிக்கத் தேவையில்லை என்று அதன் மூலம் நிரலிலேயே எழுதிவைக்கலாம். சாதாரண பில்டில் அந்த மேக்ரோ எதுவும் செய்யாது. கசிவுச் சோதனை பில்டில் மட்டும் அந்தப் பிளாக்கை எட்டக்கூடியதாக வைத்து அறிக்கையில் வராமல் தடுக்கும்.

அறிக்கையைப் பார்த்ததும் அடையாளம் காணக்கூடிய எண்கள் உண்டா?

உண்டு. 64 பிட் லினக்ஸில் 472 பைட், அழைப்பு வரிசையில் எஃப்ஓப்பன் என்றால் எஃப்குளோஸ் மறந்துவிட்டீர்கள். பழைய ஜிலிப்சிகளில் அதே பிழை 552 அல்லது 568 பைட்டாக வரும். 272 பைட் 'பாசிப்லி லாஸ்ட்', வரிசையில் பிதிரெட்_கிரியேட் என்றால் ஜாயினோ டிடாச்சோ செய்யாத திரெட் ஒன்று இருக்கிறது, அல்லது டிடாச் செய்த திரெட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரல் முடிந்துவிட்டது. ஜிலிப்சி பதிப்புக்குப் பதிப்பு இந்த அளவு சற்று மாறும். எண்ணை விட ஃபங்ஷன் பெயரை நம்புங்கள். கோப்புகளைத் தனியாகக் கவனிக்க '--டிராக்-எஃப்டிஎஸ்=யெஸ்' கொடுத்தால் திறந்தபடியே விட்ட டிஸ்கிரிப்டர்களையும் பட்டியலிடும்.

கசிவுகள் வழக்கமாக எங்கே உருவாகின்றன?

பிழை வழியில். மூன்று பிளாக் ஒதுக்கி, நான்காவது தோல்வியடைந்ததும் 'ரிட்டர்ன் -1' என்று எழுதிவிட்டுப் போவது. எல்லாம் சரியாக ஓடும் உள்ளீட்டில் மட்டும் சோதித்தால் இது ஒருநாளும் தெரியாது. சி-யில் ஃபங்ஷனின் அடியில் ஒரே ஒரு துப்புரவு லேபிள் வைத்து, பாயிண்டர்களை முதலிலேயே நல் (எதையும் காட்டாத வெற்று மதிப்பு) ஆக்கி, எல்லா வழிகளையும் 'கோ டு' (goto) கட்டளை மூலம் அங்கே கொண்டுவருவதுதான் இன்றும் சிறந்த பாணி. நல் பாயிண்டரை ஃப்ரீ செய்வது முற்றிலும் பாதுகாப்பானது.

ரீயலாக்கின் விளைவை அதே பாயிண்டரில் நேராகப் போடுவது அடுத்தது. அது தோற்றால் நல் திரும்பும், பழைய பிளாக் அப்படியே இருக்கும், அதன் முகவரியை நீங்களே அழித்துவிட்டீர்கள். தற்காலிக மாறியில் வாங்கிச் சோதித்த பிறகு மாற்றுங்கள்.

கெட்லைன் கொஞ்சம் நுணுக்கமானது: கோப்பு முடிந்து -1 திரும்பினாலும் பஃபரை நீங்கள்தான் விடுவிக்க வேண்டும். லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் பாயிண்டரை நல் ஆக்கினால் வரிக்கு ஒரு கசிவு. எஸ்டிஆர்டப், ஏஎஸ்பிரிண்ட்எஃப் தருவதையும் விடுவிப்பது உங்கள் பொறுப்பு. கெட்அட்ரின்ஃபோ தருவதை ஃப்ரீயால் அல்ல, ஃப்ரீஅட்ரின்ஃபோவால் விடுவிக்க வேண்டும்.

சி++-இல், விர்ச்சுவல் டிஸ்ட்ரக்டர் இல்லாத அடிப்படை வகுப்புப் பாயிண்டர் வழியாக டெலீட் செய்வது. மொழி விதிப்படி விளைவு வரையறுக்கப்படாதது. நடைமுறையில் பெரும்பாலும் வழி வகுப்பின் ஸ்ட்ரிங், வெக்டர் உறுப்புகள் கசியும். இரண்டு ஷேர்ட்_பாயிண்டர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வராது. ஒரு பக்கத்தை வீக்_பாயிண்டர் ஆக்குங்கள்.

'கசிவு இல்லை' என்ற அறிக்கை பொய்யாக இருக்க முடியுமா?

முடியும். இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

0 அலாக், 0 ஃப்ரீ என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். '-ஸ்டாட்டிக்' போட்டு இணைத்த நிரலில் வால்கிரிண்டால் மலாக்கை இடைமறிக்க முடியாது. எதையும் பார்க்காததால் எதுவும் மிச்சமில்லை என்கிறது. '--சோநேம்-சினனிம்ஸ்=சோமலாக்=நன்' என்று கொடுத்தால் நிரலுக்குள்ளேயே இருக்கும் மலாக்கைத் தேடும், அல்லது சோதனைக்கென்று டைனமிக்காக இணைத்துக்கொள்ளுங்கள். ஜெமலாக் போன்ற மாற்று ஒதுக்கியை (ஜிலிப்சியின் மலாக்குக்குப் பதிலாக நினைவகம் ஒதுக்கும் லைப்ரரியை) நிரலுக்குள் ஸ்டாட்டிக்காக இணைத்திருந்தாலும் இதே விருப்பம்தான்.

நீங்கள் இயக்குவது நிரலா, அதைச் சுற்றிய ஷெல் ஸ்கிரிப்ட்டா? ஸ்கிரிப்ட் என்றால் சோதிக்கப்படுவது ஷெல். '--டிரேஸ்-சில்ட்ரன்=யெஸ்' கொடுங்கள். லிப்டூல் என்ற பில்ட் கருவி உருவாக்கும் நிரல்கள் பல நேரம் இப்படி ஸ்கிரிப்ட்டாகவே இருக்கும்; அவற்றுக்கு 'லிப்டூல் --மோட்=எக்சிக்யூட் வால்கிரிண்ட்' என்று தொடங்கும் கட்டளை.

சொந்தமாக மெமரி பூல் வைத்திருந்தால், பூலை மொத்தமாக விடுவித்ததும் உள்ளே நடந்த கசிவெல்லாம் மறைந்துபோகும். சோதனை பில்டில் பூலைத் தவிர்த்து நேராக மலாக் அழைக்கும்படி வைத்துக்கொள்வது எளிய வழி. பைத்தான் 3.6 முதல் 'பைத்தான்மலாக்' என்ற சூழல் மாறிக்கு 'மலாக்' என்று மதிப்புக் கொடுத்தால் அதன் உள் ஒதுக்கி விலகிக்கொள்ளும்.

கடைசியாக, ஓடாத வரியில் உள்ள கசிவை எந்த ஓட்டச் சோதனையும் காணாது. தவறான கோப்புப் பெயர், வெற்றுக் கோப்பு, பாதியில் அறுந்த உள்ளீடு ஆகியவற்றோடும் ஓட்டிப் பாருங்கள்.

சானிட்டைசர் எப்போது நல்லது?

வேகம் வேண்டும்போது. '-எஃப்சானிட்டைஸ்=அட்ரஸ்' என்று கம்பைல் செய்யுங்கள், இணைக்கும் கட்டத்திலும் அதே விருப்பம் வேண்டும். வேகக் குறைவு சுமார் இரண்டு மடங்கு மட்டுமே. 64 பிட் இன்டெல், ஏஎம்டி லினக்ஸில் கசிவுச் சோதனையும் தானாக இயங்கும். கசிவு மட்டும் போதுமென்றால் '-எஃப்சானிட்டைஸ்=லீக்'.

இது எட்டக்கூடிய பிளாக்குகளைச் சொல்வதே இல்லை. தொலைந்தவற்றை மட்டும் நேரடி, மறைமுகம் என்று தரும். எல்லாம் விடுவிக்கப்பட்டதா என்ற முழுக் கணக்கு வேண்டுமென்றால் வால்கிரிண்டுக்குத்தான் வர வேண்டும். சோதனை எக்சிட் நேரத்தில் நடப்பதால், அடிக்கோட்டுடன் தொடங்கும் _எக்சிட் அழைத்தாலோ சிக்னலால் செத்தாலோ அறிக்கை வராது. ஜிடிபி, எஸ்டிரேஸ் ஆகியவற்றின் கீழும் இயங்காது; டாக்கரில் பிடிரேஸ் (ஒரு நிரல் இன்னொன்றைக் கண்காணிக்கும் வசதி) அனுமதி இல்லையென்று நின்றால் '--கேப்-ஆட்=சிஸ்_பிடிரேஸ்' சேர்த்து ஓட்டுங்கள். சானிட்டைசர் பில்டை வால்கிரிண்டுக்குள் ஓட்டாதீர்கள், இரண்டும் சேராது.

என் நிரல் சர்வர், முடிவதே இல்லை. என்ன செய்வது?

சிக்டெர்ம் (நிரலை முடியச் சொல்லும் சிக்னல்) வந்ததும் ஒரு கொடி மாறியை மட்டும் மாற்றி, முதன்மை லூப்பிலிருந்து ஒழுங்காக வெளியேறும்படி எழுதுங்கள். சிக்னல் ஹேண்ட்லருக்குள் ஃப்ரீ அழைப்பது பாதுகாப்பில்லை. கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினாலும் வால்கிரிண்ட் அறிக்கை தரும், ஆனால் பயன்பாட்டில் இருந்த எல்லாமே மிச்சமாகத் தெரியும். 'கில் -9' அடித்தால் ஒன்றும் வராது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க, இன்னொரு டெர்மினலில், வால்கிரிண்டோடு வரும் விஜிடிபி கருவி மூலம் 'விஜிடிபி லீக்_செக்' என்று தட்டுங்கள். முதல் தடவை மொத்தப் பட்டியல் வரும். ஆயிரம் கோரிக்கை அனுப்பிவிட்டு மறுபடி தட்டினால், முந்தைய சோதனைக்குப் பிறகு கூடியவற்றை மட்டும் காட்டும். சர்வருக்கு இதைவிடப் பயனுள்ள கசிவுச் சோதனை கிடையாது.

ஃபோர்க் செய்த பிறகு இரட்டை இரட்டையாக அறிக்கை வருகிறதே?

குழந்தை நிரல், தாயின் ஹீப்பை நகலாகப் பெறுகிறது. அது விடுவிக்காமல் முடிந்தால் தாயின் பிளாக்குகளெல்லாம் அதன் கணக்கிலும் மிச்சமாகும். '--சைல்ட்-சைலன்ட்-ஆஃப்டர்-ஃபோர்க்=யெஸ்' கொடுத்து அடக்கலாம்; அல்லது '--லாக்-ஃபைல்' பெயரில் '%பி' சேர்த்து ஒவ்வொரு நிரலுக்கும் தனிக் கோப்பாகப் பிரிக்கலாம்.

கசிவு நான் பயன்படுத்தும் லைப்ரரியில் இருக்கிறது. அறிக்கையிலிருந்து எப்படி நீக்குவது?

முதலில் அந்த லைப்ரரிக்கு முடிவு ஃபங்ஷன் இருக்கிறதா, அதை அழைத்தீர்களா என்று பாருங்கள். பாதி நேரம் விஷயம் அங்கேயே முடியும். இல்லையென்றால் '--ஜென்-சப்ரெஷன்ஸ்=ஆல்' கொடுத்து ஓட்டினால் ஒவ்வொரு அறிக்கைக்கும் கீழே விலக்கு வரைவு வரும். அதைக் கோப்பில் ஒட்டி '--சப்ரெஷன்ஸ்=' விருப்பத்தில் கோப்பின் பெயரைக் கொடுங்கள். சட்டகங்களை வெட்டிச் சுருக்கும்போது லைப்ரரியின் ஃபங்ஷன் பெயர் நிச்சயம் நிற்கட்டும். மலாக் என்ற ஒற்றை வரியோடு விட்டால் உங்கள் சொந்தக் கசிவுகளும் சேர்ந்து மறையும். அழைப்பு வரிசையில் கேள்விக்குறிகள் மட்டும் வந்தால் லைப்ரரி முன்பே இறக்கப்பட்டுவிட்டது; '--கீப்-டீபக்இன்ஃபோ=யெஸ்' சேருங்கள்.

தானியங்கிச் சோதனையில் கசிவு வந்தால் பில்ட் தோற்க வேண்டும். எப்படி?

'--எர்ரர்-எக்சிட்கோட்=1' கொடுக்க வேண்டும். அது மட்டும் போதாது: '--லீக்-செக்=ஃபுல்' இல்லாவிட்டால் கசிவுகள் பிழையாக எண்ணப்படாது, பில்ட் பச்சையாகவே போகும். ஃபுல் கொடுத்தாலும் 'டெஃபினிட்லி', 'பாசிப்லி' இரண்டுதான் இயல்பில் பிழை. எட்டக்கூடியதும் தோற்கடிக்க வேண்டுமென்றால் '--எர்ரர்ஸ்-ஃபார்-லீக்-கைண்ட்ஸ்=ஆல்'. பழைய நிரலில் முதல் நாளே இதைப் போடாதீர்கள். 'டெஃபினிட்' மட்டும் வைத்துத் தொடங்கி, அது பூஜ்யமான பிறகு கூட்டுங்கள்.

விண்டோஸிலும் மேக்கிலும்?

விஷுவல் ஸ்டூடியோவின் டீபக் பில்டில் மெயினின் முதல் வரியாக _சிஆர்டிசெட்டிபிஜிஃபிளாக் அழைத்து, ஒதுக்கீட்டைக் கண்காணிக்கும் கொடியையும் முடிவில் கசிவைச் சோதிக்கும் கொடியையும் சேர்த்துக் கொடுங்கள். நிரல் முடிந்ததும் அவுட்புட் சன்னலில் மிச்சப் பிளாக்குகள் வரும், ஒவ்வொன்றும் அடைப்புக்குள் ஒதுக்கீட்டு எண்ணோடு. 152 என்று வந்தால் அடுத்த ஓட்டத்தில் _சிஆர்டிசெட்பிரேக்அலாக்(152) அழையுங்கள். அந்த ஒதுக்கீடு நடக்கும் இடத்திலேயே டீபக்கர் நிற்கும். ரிலீஸ் பில்டில் இந்த அழைப்புகள் எதுவும் செய்யாது.

மேக்கில் 'லீக்ஸ் --அட்எக்சிட் -- ./நிரல்'. ஒதுக்கிய இடம் தெரிய 'மலாக்ஸ்டாக்லாகிங்' என்ற சூழல் மாறியை 1 ஆக்கிவிட்டு ஓட்டுங்கள்.